ஏலக்காட்டு ஓடை போன வழியில்

போடி

அம்மா 26 வருஷம் ஏலக்காட்டு வேலைக்குப் போனவர். விடியக்காலை 4 மணிக்கு எங்கள் தெருவில் முதலில் எரிவது எங்கள் அடுப்படி விளக்குதான். சோறும் புளிக்குழம்பும், வெஞ்சனத்துக்குச் சுட்ட சாளைக் கருவாடு ரெண்டும் தூக்குவாளியில் ஏறும். ஐந்தரைக்கு ஜீப் வந்துவிடும். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினெட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு மலையேறி, போடிமெட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கி, பகலெல்லாம் காய் எடுத்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்புவார்கள். அம்மாவின் விரல் நுனியில் எப்போதும் ஒரு கறுப்புக் கறை இருக்கும். "நல்லாக் கழுவக் கூடாதாம்மா?" என்று கேட்டால், "ஓடையில தேச்சுத் தேச்சுக் கழுவிட்டுத்தான் வந்தேன், போகலையே" என்பார்.

அந்த ஓடை எங்கே போகிறது என்று நான் கேட்டதே இல்லை. போடிக்காரர்களுக்கு ஆறு என்றால் கொட்டகுடி ஆறு. அது கிழக்கே ஓடி வைகையில் சேரும்; வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாய்ப் பக்கம் போகும். கண்ணில் பட்ட தண்ணீரெல்லாம் கிழக்கே போனதால், தண்ணீர் என்றாலே கிழக்கே போவதுதான் என்று நினைத்து வளர்ந்தவள் நான். அம்மா கை கழுவிய ஓடையோ மலையின் அந்தப் பக்கத்தில் இருந்தது. அது அரபிக்கடலுக்குப் போகிற தண்ணீர். அது கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில், காயலுக்குள் மூங்கில் நட்டு, பெண்கள் குழுவாகச் சேர்ந்து சிப்பி வளர்க்கிறார்கள் என்று ஒருநாள் படித்தேன். அன்றிலிருந்து அந்தத் தண்ணீரோடு ஒருமுறை போய்வர வேண்டும் என்ற ஆசை. போன தை மாதக் கடைசியில் கிளம்பினேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம், அம்மாவோடு வேலை பார்த்த ஓர் அத்தையைப் பார்க்க ஏலக்காய் குடோனுக்குப் போனேன். முட்டி தேய்ந்து மலையேற முடியாமல் போன பெண்கள் பலர் இப்போது இங்கேதான் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறார்கள். பச்சைக் காயை மலையிலேயே ஸ்டோரில் உலர்த்திவிடுகிறார்கள். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் 1 கிலோ நிற்கும். இங்கே வந்ததும் சல்லடை. 8 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கிற காய் தனி, 7 தனி. அதற்குப் பிறகு கண்தான் சல்லடை: வெடித்தது, வெளுத்தது, சொறி விழுந்தது. சொறி விழுந்த ஒரு காயை அத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இலைப்பேன் சுரண்டிய தழும்பு அது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஏலரிசி கறுப்பாக, பிசுக்காக, மணமாக இருக்கிறது. ஆனாலும் விலை விழுந்துவிடும். "இந்தச் சொறிக்குப் பயந்துதான் தாயி அம்புட்டு மருந்தும்" என்றார் அத்தை. ஊர் திரும்பும்வரை இந்தச் சொல் என் காதிலேயே இருந்தது.

போடியில் விளைபொருளும் ஏலம், அதை விற்கிற முறையும் ஏலம். இரண்டும் வேறு வேறு சொற்கள். செடியின் பெயர் பழையது. கூவி விற்கிற ஏலம் 'லெய்லாவ்' என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் இப்போது கூவலும் கிடையாது. வியாபாரிகள் கணினி முன்னால் உட்கார்ந்து, தட்டில் வந்த மாதிரிக் காயை உருட்டிப் பார்த்து, விரலால் விலை தட்டுகிறார்கள். 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புற்றடி மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனதை இன்னமும் இங்கே கோயில் திருவிழாவைச் சொல்வதுபோல் சொல்கிறார்கள். அந்த வருஷம் கூலி எவ்வளவு ஏறியது என்று அம்மாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டு வெற்றிலையை மடித்தார்.

முந்தல், போடிமெட்டு

போடியை விட்டு மேற்கே திரும்பியதும் மாந்தோப்பும் இலவ மரங்களும். தையில் இலவம் இலையுதிர்த்துக் காயோடு மட்டும் நிற்கும். காய் வெடித்துப் பஞ்சு பறக்கப் போகிற பருவம் அது. முந்தல் சோதனைச்சாவடி தாண்டினால் ஏற்றம். 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் போடி சிறுத்துக்கொண்டே போகிறது, காது அடைக்கிறது, வியர்வை நின்று, முழங்கையில் முடி சிலிர்க்கிறது. புலியூத்து அருவி அன்று நூலாகத்தான் விழுந்தது.

இந்தச் சாலைக்கு 85 என்று எண். கொச்சியில் தொடங்கி, இந்த மலையைத் தாண்டி, மதுரை வழியாகக் கிழக்குக் கரைத் தொண்டி வரை போகிறது. ஒரு கடலை இன்னொரு கடலோடு கட்டுகிற சாலை எங்கள் ஊர் நடுவே ஓடுகிறது. நாங்கள் அதைத் தேனிக்குப் போகிற ரோடு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நூறு வருஷத்துக்கு முன்னால் மூணாறுத் தேயிலைகூடக் கிழக்குக் கடலுக்குத்தான் போனது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து கப்பல் ஏறியது. 1924 பெருவெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயிலையும் சேர்த்து வாரிக்கொண்டு போன பிறகுதான் மூணாறின் முகம் மேற்கே, கொச்சிப் பக்கம் திரும்பியது.

ஜீப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தேவாரத்துக்காரர். கடைசிச் சுற்றுக் காய் எடுப்பு நடப்பதாகச் சொன்னார். மடியில் தூக்குவாளி. "என்னக்கா வெஞ்சனம்?" என்று கேட்டேன். மூடியைத் திறந்தே காட்டிவிட்டார். நெத்திலிக் கருவாடும் மொச்சையும். "முந்தியெல்லாம் சாளைதான். இப்ப சாளை என்னமோ சின்னதா, வெலையாவும் வருது" என்றார். அவர் சொன்னதன் பின்னால் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. கேரளக் கரையில் மத்தி என்கிற நெய்ச்சாளை 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்தது. 2021இல் கிடைத்தது 3,297 டன். கடல் சூடேறியது, குஞ்சு மீனைக்கூட விடாமல் அள்ளியது என்று விஞ்ஞானிகள் காரணங்களை அடுக்குகிறார்கள். கடலிலிருந்து இவ்வளவு தொலைவில், மலைமேல் திறக்கிற தூக்குவாளிக்குள் அந்தக் கணக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

மெட்டில் இறங்கி டீ குடித்தேன். இங்கிருந்துதான் தண்ணீர் பிரிகிறது. டீக்கடைக்காரர் தம்ளர் கழுவிய தண்ணீரைக் கடைக்குப் பின்னால் வீசினால் கொட்டகுடி ஆற்றுக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீசினால் பெரியாற்றுக்கு. நான் கையிலிருந்த மீதித் தண்ணீரை மேற்கே ஊற்றினேன்.

பூப்பாறை

மெட்டுக்கு அந்தப் பக்கம் நிறமே வேறு. கிழக்குச் சரிவு பாறையும் காய்ந்த புல்லுமாக இருக்க, மேற்குச் சரிவில் உயர்ந்த மரங்களின் நிழலில் ஆளுயரத்துக்கு மேல் ஏலம் அடர்ந்து நிற்கிறது. கடைக்காரர் தமிழில் கணக்குச் சொல்லி, மலையாளத்தில் மகனைத் திட்டுகிறார். பக்கத்தில் மதிகெட்டான் சோலை. 2003இல் தேசியப் பூங்கா ஆனது. அதற்குள்ளிருந்து வரும் ஓடைகளில் ஒன்றுக்கு ஞண்டாறு என்று பெயர். நண்டு ஆறு. அவை சேர்ந்து பன்னியாறு ஆகின்றன. அம்மா கை கழுவிய ஓடை இந்தப் பன்னியாற்றில்தான் விழுகிறது.

ஒரு சிறு தோட்டக்காரரைப் பார்க்கப் போயிருந்தேன். மூன்று ஏக்கர். அவருடைய அப்பா உத்தமபாளையத்திலிருந்து ஏறியவர். முதலில் சரத்தை விலக்கிப் பூவைக் காட்டினார். ஏலப்பூ மண்ணை ஒட்டிய சரத்தில் பூக்கிறது. வெள்ளை இதழில் ஊதாக் கோடுகள். ஒரே ஒரு நாள்தான் அதற்கு ஆயுசு. அந்த ஒரு நாளில் தேனீ வந்து உட்கார்ந்தால் காய், வராவிட்டால் உதிர்ந்துவிடும். "தேனீ வரணும்னா மருந்தைக் குறைக்கணும்மா. மருந்தைக் குறைச்சா சொறி விழும். சொறி விழுந்தா வெல விழும். இதுக்குள்ளயே சுத்திக்கிட்டிருக்கோம்" என்றார். அத்தை சொன்னதுதான், மலையின் இந்தப் பக்கத்துக் குரலில்.

முன்பெல்லாம் இலைப்பேனும் தண்டுத் துளைப்பானும் இருந்தாலும் நிழல் அடர்த்தி, காய்ப்பு குறைவு, மருந்தும் குறைவு. கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்து வளர்த்த ஞள்ளானி ரகம் பரவிய பிறகு விளைச்சல் பல மடங்கானது. அது பெரிய சாதனை. கூடவே உரமும் மருந்தும் ஏறின. வெயில் வேண்டுமென்று மரக்கிளைகளும் கழிக்கப்பட்டன. எண்டோசல்பானை 2011இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அதன் இடத்துக்கு வேறு மருந்துகள் வந்தன. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் போட்ட ஏலக்காயில் மருந்து எச்சம் வரம்பு மீறியிருப்பதாகச் சோதனையில் வந்து, கேரள உயர் நீதிமன்றம் 6.65 லட்சம் டின்களின் விற்பனையை நிறுத்தியது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கிவிட்டாலும், அதற்குள் டின்களின் காலம் முடிந்திருந்தது. அன்று எல்லோரும் பிரசாதத்தைப் பற்றிப் பேசினார்கள். அந்த மருந்தை முதுகில் சுமந்து அடித்தவரைப் பற்றியும், அடித்த மறுநாள் அந்தச் செடிக்குள் குனிந்து காய் எடுத்த பெண்களைப் பற்றியும் யாரும் பேசி நான் கேட்கவில்லை. தலைவலி என்று அம்மா சாப்பிடாமல் படுத்த ராத்திரிகள் எனக்கு நினைவிருக்கின்றன.

தோட்டக்காரர் ஒரு நீல டிரம்மைத் திறந்தார். மீன் அமிலம். மத்தியும் வெல்லமும் சம எடை, மூன்று நாலு வாரம் மூடி வைத்து, வடிகட்டி, தண்ணீரில் நன்றாகக் கலந்து தெளிக்கிறார். அருகில் ஒரு மூட்டைச் சுண்ணாம்பு. மலைமண் புளிப்பு மண். அதை மாற்றச் சுண்ணாம்பு போட வேண்டும். "இது கக்காச் சுண்ணாம்பு. வேம்பநாட்டுக் காயல்ல கெடைக்கிற மட்டி ஓட்டை நீத்தி எடுக்கிறது" என்றார். மருந்தை அவர் முழுதாக விடவில்லை. தடவை எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறார், அதுவும் தேனீ அடங்கிய சாயங்கால வேளையில் மட்டும் அடிக்கிறார். முழு இயற்கை என்று பலகை மாட்டியவர்களைவிட இந்த மனிதர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

அந்த டிரம்மும் மூட்டையும் எனக்குள் எதையோ திருப்பிவிட்டன. கீழேயிருந்து மீனும் மட்டி ஓடும் மலைக்கு ஏறி வருகின்றன. மேலேயிருந்து என்ன இறங்குகிறது?

பன்னியாறு, நேரியமங்கலம்

தண்ணீர் அவ்வளவு சுலபமாக இறங்கிவிடவில்லை. ஆனையிறங்கல் அணையில் ஒருமுறை நிற்கிறது, பொன்முடி அணையில் ஒருமுறை. குழாய்க்குள் புகுந்து மின்சாரம் ஆகிறது. பிறகு முதிரப்புழையில் சேர்ந்து, பனங்குட்டியில் பெரியாற்றில் விழுகிறது. ஏலம் போய் ஜாதிக்காய், ஜாதிக்காய் போய் ரப்பர். புழுக்கம் திரும்புகிறது. நேரியமங்கலத்தில் 1935இல் கட்டிய வளைவுப் பாலத்தின் மேல் நின்று பார்த்தபோது பெரியாறு பச்சையாக, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கம்மங்கூழ் விற்கும் ஊரிலிருந்து வந்தவளுக்கு அவ்வளவு தண்ணீரைப் பார்த்தால் முதலில் வருவது ஏக்கம்தான். இதே பெரியாற்றின் ஒரு பங்கு முல்லைப்பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாகத் திரும்பி எங்கள் மாவட்டத்து வயல்களுக்கு வருகிறது. மலை நமக்குக் கொடுப்பதையே பார்த்துப் பழகியவர்கள் நாம்.

ஆலுவா

ஆலுவாவில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை ஏலூர், எடையார் தொழிற்சாலைகளை உரசிக்கொண்டு வராப்புழைக்குப் போகும். 2024 மே மாதம் ஒரு ராத்திரியில் அந்தப் பக்கம் மீன்கள் டன் கணக்கில் செத்து மிதந்தன. கடன் வாங்கிக் கூண்டில் மீன் வளர்த்தவர்கள் விடிந்ததும் கூண்டு நிறையப் பிணம் பார்த்தார்கள். வடக்குக் கிளையான மங்கலப்புழை சாலக்குடி ஆற்றோடு சேர்ந்து முனம்பத்துக்குப் போகிறது. நான் வடக்கே போனேன்.

மூத்தகுன்னம்

பரவூர் தாண்டியதும் நிலமும் நீரும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. பக்கத்தில்தான் பட்டணம், முசிறித் துறைமுகம் இருந்த இடம் என்று 2007 முதல் அகழ்ந்து ரோமானிய ஜாடித் துண்டுகளை எடுத்த ஊர். யவனர் கப்பல்கள் பொன்னைக் கொடுத்து மிளகு ஏற்றிப் போன செய்தி அகநானூற்றில் இருக்கிறது. எங்கள் மலையின் சரக்கு இந்த ஆற்றோரமாகவே கடல் ஏறியது. பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல், உப்பேறியதும் இறால். எதையும் ஆற்றோடு கேட்டு முடிவு செய்கிற ஊர்.

சிப்பி வளர்க்கும் சேச்சி ஒருவர் என்னைப் படகில் ஏற்றிக்கொண்டார். ஐம்பது வயது இருக்கும். முழங்கால் வரை ஏறிய நைட்டி, மேலே ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் தோர்த்துத் துண்டு. ஏலக்காட்டுக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெண்களின் அதே கோலம்; இங்கே ரப்பர் பூட்ஸ் இல்லை, அவ்வளவுதான். துடுப்புப் போடும்போதே கேட்டார், "தமிழ்நாடோ மோளே? எவிடெ?" போடி என்றேன். "ஓ, ஏலக்கா!" என்று முகம் மலர்ந்தார்.

காயலுக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் மூங்கில்கள் நட்டு, குறுக்கே மூங்கில் கட்டிப் பந்தல் போட்டிருக்கிறார்கள். பந்தலிலிருந்து கயிறுகள் தண்ணீருக்குள் தொங்குகின்றன. சேச்சி ஒன்றைத் தூக்கினார். ஒரு மீட்டர்க் கயிற்றில் இடைவெளி விட்டு ஐந்தாறு பழைய சிப்பி ஓடுகள் கோத்திருந்தன. ஒவ்வொரு ஓட்டின் மேலும் புதுச் சிப்பிகள் கொத்தாக, தாறுமாறாக ஒட்டி வளர்ந்திருந்தன. விதை யாரும் போட்டதில்லை. கார்த்திகை, மார்கழியில் உப்பு ஏறும்போது காயலில் சிப்பிக் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு மூன்று வாரம் நீந்துகின்றன. பிறகு ஒட்ட ஓர் இடம் தேடுகின்றன. அவை மிகவும் விரும்புவது இன்னொரு சிப்பியின் ஓட்டை. ஒருமுறை ஒட்டினால் சாகும்வரை அந்த இடத்தை விட்டு நகர முடியாது. ஆறேழு மாதத்தில், மே மாதவாக்கில் அறுவடை.

தீவனம் கிடையாது. மருந்து கிடையாது. சிப்பி தண்ணீரை உறிஞ்சி, அதிலுள்ள பாசித் துகளை வடிகட்டித் தின்றுவிட்டு, தெளிந்த தண்ணீரை வெளியே விடுகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் வளரும் இதன் உறவுக்காரச் சிப்பி, சூழல் சரியாக இருந்தால் ஒரு நாளில் 190 லிட்டர் வரை வடிகட்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இறால் பண்ணைக்குத் தீவனமாகப் போவதற்கே கடல்மீனைப் பிடித்து மாவாக்குகிறார்கள். இங்கே ஒரு பிடி தவிடுகூட வேண்டாம். கடலைச் சுரண்டாத கடலுணவு எது என்று யாராவது என்னைக் கேட்டால் முதலில் இந்தக் கயிற்றைத்தான் காட்டுவேன்.

மலையாளத்தில் இதற்கு முரு என்றும் கடல்முரிங்ங என்றும் பெயர். விலங்கியல் பெயரில் நம் ஊர் இருக்கிறது: கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ். 1910இல் ஜேம்ஸ் ஹார்னல் பழவேற்காட்டு ஏரியில் இதை வளர்க்க முயன்றார். 1970களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் முறைப்படி வளர்த்துக் காட்டியது. 1947இல் தொடங்கி, மண்டபத்தில் இருந்துவிட்டு, பிறகு கொச்சிக்கு இடம் மாறிய அதே நிலையம்தான் 1990களில் இதைக் கொல்லம் அஷ்டமுடிக் காயலுக்குக் கொண்டுவந்து, பெண்கள் குழுக்களுக்குக் கயிறு கட்டக் கற்றுக் கொடுத்தது. தமிழ்க் கரையில் கற்ற பாடம் கேரளத்தில் பிழைப்பாக வேர்விட்டது. நம் வீடுகளில் சிப்பி இன்னும் பால்சட்டி சுரண்டுவதற்கும் மாங்காய் சீவுவதற்குமே இருக்கிறது. எனக்கு இது உறுத்தியது. பழவேற்காட்டிலும் தூத்துக்குடியிலும் இதே சிப்பி உண்டு, வேலை தேடும் பெண்களும் உண்டு.

அஷ்டமுடியைப் பற்றிச் சேச்சி பெருமையோடு சொன்னார். அங்கே மட்டி அள்ளுகிறவர்கள் இனப்பெருக்கக் காலத்தில் கை வைப்பதில்லை, சிறு மட்டி தப்பும்படி வலைக்கண்ணை அகலமாக வைக்கிறார்கள். 2014இல் அந்த மட்டித் தொழிலுக்கு எம்.எஸ்.சி. என்ற உலகச் சான்று கிடைத்தது. இந்தியாவில் முதல் சான்று அதுதான். பெரிய கப்பல் முதலாளிகளுக்கு இல்லாமல், வள்ளத்தில் நின்று கையால் அள்ளுகிறவர்களுக்குக் கிடைத்த சான்று.

"எப்பவும் பயம் என்ன சேச்சி?" என்று கேட்டேன். கிழக்கே கையைக் காட்டினார்.

"கிழக்கன் வெள்ளம்."

கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. மலையிலிருந்து இறங்கி வரும் நன்னீருக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. கிழக்குத் தண்ணீர். தென்மேற்குப் பருவமான இடவப்பாதி மழை பிடித்ததும் அது வந்து காயலின் உப்பைக் கழுவிவிடும். உப்பு போனால் சிப்பி செத்துவிடும். அதனால் அது வருமுன்னே அறுவடை முடிந்தாக வேண்டும். 2018 ஆகஸ்டில், 26 வருஷத்துக்குப் பிறகு இடுக்கி அணையின் மதகுகள் திறந்தபோது, வீட்டுக்குள் நெஞ்சளவு வந்ததும் அதே கிழக்கன் வெள்ளம்தான். தண்ணீர் வடிந்த பிறகு காயல் தரையில் சேறு வேறு நிறத்தில் இருந்தது என்றார். "எங்க மண்ணு அது அல்ல. உங்க மண்ணு."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிப்பிக்கு ஓட முடியாது. மீன் என்றால் வேறு தண்ணீருக்குப் போகும். இது ஒட்டிய இடத்தில் இருந்துகொண்டு, கிழக்கே இருப்பவர்கள் அனுப்புவதையெல்லாம் வாய் திறந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அறுவடைச் சிப்பியைச் சுத்தமான தண்ணீர்த் தொட்டியில் ஒரு நாள் போட்டு வைக்கிறார்கள், கிருமி போய்விடும். உலோகமும் ரசாயனமும் உள்ளே சேர்ந்திருந்தால் அந்த ஒரு நாளில் போகாது. மலையில் அடித்த மருந்து இந்தக் கயிற்றில் இருக்கிறது என்று குற்றம் சாட்ட நான் வரவில்லை. நடுவில் அணைகள், ஒரு நீண்ட ஆறு. ஆனால் சேச்சியின் பிழைப்பு நல்ல தண்ணீர் என்ற ஒன்றின் மேல் மட்டுமே நிற்கிறது, அந்தத் தண்ணீரின் தொடக்கம் எங்கள் பெண்கள் கை கழுவுகிற இடத்தில் இருக்கிறது. சிப்பியின் நலத்தைக் காயலில் மட்டும் காப்பாற்றிவிட முடியாது.

ஜப்பானில் ஒருவர் இதை வெகுநாளைக்கு முன்பே கண்டுகொண்டார். கெசென்னுமா விரிகுடாவில் சிப்பி வளர்த்த ஷிகேயாட்சு ஹடகேயாமா. கடல் கெட்டுச் சிப்பிச் சதை சிவந்துபோனபோது, காரணம் தேடி ஆற்றோடு மேலே நடந்தார். 1989இல் மற்ற சிப்பிக்காரர்களையும் கூட்டிக்கொண்டு முரோனே மலைக்குப் போய் மரம் நட்டார். பள்ளிப் பிள்ளைகளை மலையிலிருந்து கடலுக்கு வரவழைத்துச் சிப்பி தின்னக் கொடுத்தார். 2011 சுனாமியில் பண்ணையும் பெற்ற தாயும் போன பிறகும் நடுவதை விடவில்லை. பூப்பாறைத் தோட்டக்காரரும் இந்தச் சேச்சியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. சாயங்கால மருந்து ஏன் என்று அவர் சொல்வார். கிழக்கன் வெள்ளம் எப்படி வரும் என்று இவர் சொல்வார்.

மதியம் சேச்சி வீட்டில் சாப்பாடு. கயிற்றுச் சிப்பி அறுவடைக்கு இன்னும் நாள் இருந்ததால், கழிமுகத்துக் கல்லில் பெயர்த்த முருவை அவித்து, வாய் பிளந்ததும் சதையை எடுத்திருந்தார். சின்ன வெங்காயம், தேங்காய்க்கொத்து, கறிவேப்பிலை, மிளகு, ஒரு துண்டு குடம்புளி. இரும்புச் சட்டியில் சுருள வதக்கி, அவித்த கப்பைக் கிழங்கோடு வைத்தார். முதல் வாயில் எனக்குத் தயக்கம் இருந்தது. கருவாட்டின் உப்பு பழகிய நாக்குக்கு இந்த உப்பு இளசாக, ஓரத்தில் இனிப்பாக, நனைந்த கல்லை முகர்ந்ததுபோல் இருந்தது. இரண்டாம் தடவை நானே கேட்டு வாங்கினேன்.

கை கழுவச் சேச்சி ஒரு குடத்திலிருந்து அளந்து ஊற்றினார். நாலு பக்கமும் தண்ணீர், நல்ல தண்ணீர் மட்டும் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள். அதுவும் ஆலுவாப் பக்கம் பெரியாற்றில் எடுத்து அனுப்புவதுதான். போடியிலிருந்து நான் கொண்டுபோன ஏலக்காய்ப் பொட்டலத்தைக் கொடுத்தேன். அத்தை பொறுக்கிக் கொடுத்த சொறிக்காய். நானே கேட்டு வாங்கியது. சேச்சி முகர்ந்து பார்த்தார், நாலைந்தைத் தட்டிச் சாயாவில் போட்டார். தோலை அவர் கவனிக்கவே இல்லை.

மறுபடி போடி

திரும்பிவந்த ராத்திரி அம்மாவிடம் ஒரு சிப்பி ஓட்டைக் கொடுத்தேன். விளக்கடியில் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். வெளியே பாறைபோல் சொரசொரப்பு, உள்ளே பால் வெளுப்பு.

"சட்டி சுரண்ட ஆகாது. நீத்துனா நல்ல சுண்ணாம்பாகும்" என்றார்.

அவர் கை கழுவிய ஓடை ஞண்டாற்றுப் பக்கம் போய், பன்னியாறாகி, அணைகளில் நின்று, பெரியாற்றோடு போய் அந்தச் சேச்சியின் காலடிக்கு வருவதைச் சொன்னேன். ஊர் ஊராகச் சொன்னேன். வெற்றிலையை மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பொம்பளைக எம்புட்டு நேரம் தண்ணிக்குள்ள நிப்பாக?"

"காயல்ல தண்ணி ஏறுற வரைக்கும்மா. மூணு மணி நேரம், நாலு மணி நேரம்."

"வேல முடிஞ்சு கை கழுவ அங்க நல்ல தண்ணி இருக்கா?"

"ஒருநாள் விட்டு ஒருநாள் வருமாம்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டைத் துடைத்து வெற்றிலைப் பெட்டிக்குள், சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து மூடினார்.